பல்லில் கம்பி, கையில் கடலை: நாலு ரோடு தள்ளுவண்டிக்கு என் மார்க்

பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள் தருமபுரியில் சாயங்காலம் எதை வாங்கித் தின்னலாம் என்று யார் கேட்டாலும், நாலு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் வேகவைத்த கடலை வண்டியைத்தான் முதலில் சொல்வேன். பெயர் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு பெரிய அலுமினிய அண்டா, மேலே மூடிய ஈரத்துணி, கீழே ஒரு அடுப்பு, ஒரு அக்கா, அவ்வளவுதான். பேக்கரி, ஸ்வீட் ஸ்டால், சாட் கடை, பானிபூரி வண்டி என்று ஊரில் உள்ளதெல்லாம் கம்பியோடு போய் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இந்த வண்டி அளவுக்கு என் வாய்க்கு இடைஞ்சல் இல்லாத கடை வேறு இல்லை. குறையும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கிளிப் போட்ட அன்று கையில் கொடுத்த ஒரு தாள். எதையெல்லாம் தின்னக்கூடாது என்று அதில் படத்தோடு போட்டிருந்தார்கள். பாப்கார்ன், பீட்சாவின் ஓரம், சூயிங்கம், கேரமல் மிட்டாய், ஐஸ் கட்டி, பாதாம். சரிதான், தப்பொன்றும் இல்லை. ஆனால் பீட்சா ஓரத்துக்கு நான் என்றைக்கு ஏங்கினேன்? துவரங்காயைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை, பனங்கிழங்கு இல்லை, தட்டை மாதிரி இருக்குமே அந்த நிப்பட்டு இல்லை, ஆயுத பூஜைப் பொரி இல்லை. கம்பி சாதாரணமாக ஒன்றரை வருடம், இரண்டு வருடம் வாயில் இருக்கும். அப்படியென்றால் மாம்பழக் காலம், கடலைக் காலம், அவரைக்காய்க் காலம் எல்லாமே ஒரு தடவையாவது கம்பியோடுதான் வரும், சிலது இரண்டு தடவை வரும். "இந்த வயசுல எதுக்குடி இது" என்று கேட்கிற அத்தைகளுக்குப் பதில் சொல்வதைக் கூடச் சமாளித்துவிடலாம், தை மாதம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது.

பிராக்கெட் என்பது பல்லின் மேல் பசை வைத்து ஒட்டிய சின்னத் துண்டு. துளை போட்டு மாட்டியது இல்லை. கடைசியில் பல்லுக்குச் சேதமில்லாமல் கழற்றியாக வேண்டும், அதனால் அந்தப் பிடிப்புக்கும் ஒரு அளவு உண்டு. கெட்டியானதை முன்பல்லால் கடித்தால் பெயர்ந்து வரும், ஜவ்வாக இழுப்பதைத் தின்றால் கம்பி வளையும், பெயர்ந்ததை மறுபடி ஒட்டும்வரை அந்தப் பல் நகராமல் நிற்கும் அல்லது வந்த வழியே திரும்பும், சிகிச்சை நீண்டுகொண்டே போகும். இதுவரைக்கும் எந்தப் பல் டாக்டரும் சொல்வார். நான் கவனித்தது வேறு. நம் ஊர்த் தீனியில் பாதிக்கு மேல் பல்லையே கருவியாக வைத்துத் தின்கிறோம். கடலைக்காயை முன்பல்லால் உடைக்கிறோம், துவரங்காயைப் பல்லிடுக்கில் கொடுத்து உருவுகிறோம், மாங்கொட்டையைப் பல்லால் சீவிச் சீவிச் சப்புகிறோம், கரும்பைப் பல்லாலேயே உரிக்கிறோம். உள்ளே இருக்கிற பண்டம் பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கிறது, அதைத் தொடுவதற்கு முன்னால் பல் செய்கிற வேலைதான் கம்பிக்கு ஆபத்து. அந்த வேலையைக் கையாலோ கத்தியாலோ செய்து கொடுக்கிற கடை, குறைந்தபட்சம் நாம் நின்று செய்துகொள்ளும்போது முகம் சுளிக்காத கடை, இதுதான் என் கணக்கில் நல்ல கடை. ருசி அதற்குப் பிறகு.

சரி, வண்டிக்கு வருவோம். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை மூன்று, மூன்றரை மாதத்தில் பிடுங்க வந்துவிடும், அதனால் ஐப்பசி, கார்த்திகையில்தான் பச்சைக்காய் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அந்தச் சமயத்தில் போங்கள். மற்ற மாதங்களில் கிடைப்பது காய்ந்த காயை ஊறவைத்து வேகவைத்தது. அது பருப்பு கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும், டாக்டர் கம்பியை இறுக்கி டைட் வைத்த வாரத்தில் கடைவாயில் மெல்லும்போது வலி தெரியும்.

முதல் தடவை போனபோது, "அக்கா, நல்லா வெந்ததா பாத்துக் குடுங்க, பல்லுல கம்பி இருக்குது" என்றேன்.

"தெரியுது கண்ணு, நீ வாயத் தொறந்ததுமே மின்னுது. மேல இருக்கறது இப்பத்தான் போட்டது, இரு, அடியில இருந்து எடுத்துத் தர்றேன்."

அடியிலிருந்து அள்ளிப் போட்டதோடு நிற்கவில்லை. நான் ஒரு காயை வாய்க்குக் கொண்டு போனதும் கையைத் தட்டிவிட்டு, காயின் மூக்கு இருக்கிற நுனியைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார். 'டப்' என்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே தேங்கியிருந்த உப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது, பருப்பு இரண்டும் ஊதா கலந்த தோலோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அந்த மூக்கு நுனியில்தான் ஓட்டின் இரண்டு பாதிக்கும் தையல் விடுகிறது, நடுவில் எவ்வளவு அமுக்கினாலும் நசுங்குமே தவிரப் பிளக்காது. நன்றாக வெந்த காய் என்றால் பருப்பை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்தே நசுக்கிவிடலாம், பல்லுக்கு வேலையே இல்லை. உள்தோல் மட்டும் கம்பிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அதை அப்புறம் வாய் கொப்பளித்து எடுக்க வேண்டியதுதான். பருப்பு முற்றாத பிஞ்சுக் காய் கிடைத்தால் விடாதீர்கள், கம்பி போட்டவர்களுக்கென்றே விளைந்தது அது. ஒரு கப் 20 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு ஆளுக்குத் தாராளம்.

குறை என்றால், உப்பு தூக்கல். கம்பி உரசிக் கன்னத்தின் உள்பக்கம் புண் இருக்கிற நாளில் அந்த உப்புத் தண்ணீர் பட்டால் கண்ணில் பொறி பறக்கும், அன்றைக்கு அந்தப் பிராக்கெட் மேல் டாக்டர் கொடுத்த மெழுகைக் கொஞ்சம் உருட்டி ஒட்டிக்கொண்டு போவது உத்தமம், தின்று முடித்ததும் மெழுகைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். இன்னொன்று பொட்டலம். நியூஸ் பேப்பரில் சூடான, ஈரமான தீனியைக் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, இங்கே இன்னும் அதுதான். நான் ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டு போகிறேன், அக்கா அதற்கு ஒன்றும் சொல்வதில்லை, சொல்லப்போனால் டப்பா கொண்டு வந்தால் ஒரு கை கூடவே விழுகிறது.

மார்கழி, தை வந்தால் இதே அண்டாவில் பாதிக்குத் துவரங்காய். பச்சைத் துவரையை உப்புப் போட்டு வேகவைத்து அப்படியே காயோடு தருவார்கள். பல்லில் வைத்து உருவவே கூடாது, கீழ்ப்பல் பிராக்கெட்டில் தோலின் விளிம்பு மாட்டினால் தொலைந்தது. தோலைப் பிதுக்கிக் கையில் ஒரு பிடி சேர்த்துக்கொண்டு மொத்தமாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் போட்டால் பொறுமை போய்விடும். பொறுமை போனால் கை தானாக முன்பல்லுக்குத்தான் போகும். பிதுக்கிய அவரை மொச்சை அதைவிட மேல், வெந்தால் வெண்ணெய், ஆனால் அது இந்த வண்டியில் கிடைக்காது, சந்தையில் காய் வாங்கி வீட்டில் உட்கார்ந்து பிதுக்க வேண்டும்.

பனங்கிழங்கு ஒரு தனிப் பஞ்சாயத்து. தொட்டால் மிருதுவாகத்தான் இருக்கும், நம்பி நீளமாக உரித்துக் கடித்தீர்களோ, அந்த நார் பிராக்கெட்டின் கொக்கியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், இழுத்தால் கம்பியும் சேர்ந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனால் நார் நீளவாக்கில்தானே ஓடுகிறது? நடுத் தண்டை எடுத்துவிட்டுக் குறுக்கே மெல்லிய வட்டமாக நறுக்கினால் நாரின் நீளமே அந்த வட்டத்தின் கனம்தான், மாட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அக்காவிடம் ஒரு கத்தி உண்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் நறுக்கித் தருகிறார். கூட்டத்தில் கேட்டால் "வூட்டுக்குப் போயி அரிஞ்சிக்க கண்ணு" என்கிறார், நியாயம்தான். இந்த ஒரு காரியத்துக்காகவே உப்புத் தூக்கலை மன்னித்துவிடலாம்.

பக்கத்தில் நிற்கிற சோள வண்டியைச் சிபாரிசு செய்யமாட்டேன். கதிரைச் சுட்டுத் தருகிறார்கள், உதிர்த்துத் தரச் சொன்னால் முடியாது என்கிறார்கள். கப்பில் தருகிற ஸ்வீட் கார்ன் பரவாயில்லை, தோல் மட்டும் சிக்கும். ஆனால் மசாலாவில் மஞ்சள் இருக்கிறதா என்று பாருங்கள். பிராக்கெட்டைச் சுற்றிப் போடுகிற ரப்பர் வளையம் நிறமில்லாததாக இருந்தால் ஒரே தீனியில் மஞ்சளாகிவிடும், அடுத்த முறை டாக்டர் மாற்றும் வரைக்கும் அந்த நிறத்தோடுதான் சிரிக்க வேண்டும். கருநீலம், சாம்பல் மாதிரி வளையம் கேட்டு வாங்கினால் இந்தக் கவலை இல்லை. ஆடி மாத நாவல்பழத்துக்கும் இதே எச்சரிக்கை.

மாம்பழத்துக்கு மட்டும் தருமபுரியை விட்டுக் கிருஷ்ணகிரி போய்விடுவேன். அம்மா வீடு அங்கே என்பதால் மட்டும் இல்லை, ரகம் பார்த்து வாங்க அதுதான் ஊர். கம்பி இல்லாத காலத்தில் எந்த மாம்பழமும் மாம்பழம்தான், கம்பி வந்த பிறகு மாம்பழம் என்றாலே நார் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி. நாட்டு மாம்பழம், அந்தச் சின்னதாகப் புளிப்பும் இனிப்புமாக இருக்குமே, பிழிந்து குடிக்கிற ஜாதி, அது முழுக்க நார், விட்டுவிடுங்கள் அல்லது சாறு பிழிந்து வடிகட்டிக் குடியுங்கள். அல்போன்சா, பங்கனபள்ளி இரண்டுக்கும் நார் இல்லை என்றே சொல்லலாம். பங்கனபள்ளி கொஞ்சம் கெட்டிச் சதை என்பதால் கத்தியில் அழகாகக் கட்டம் கட்டமாக வரும், கடைவாயில் வைத்து மெதுவாக மெல்லலாம். இமாம்பசந்த் கிடைத்தால் ஸ்பூன் போதும், விலையைக் கேட்டால்தான் பல் கூசும். வருடா வருடம் கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்குப் போனால் ரகம் ரகமாக அடுக்கி வைத்திருப்பார்கள், அரங்கில் நிற்கிறவர்களிடம் "நார் இல்லாதது எது" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

எதை வாங்கினாலும் கொட்டையைச் சப்பாதீர்கள். தெரியும், கொட்டையில்தான் ருசி. கொட்டையைச் சுற்றித்தான் நாரும், நார் இல்லாத ரகத்திலும் அங்கே கொஞ்சம் இருக்கும், அதைச் சுரண்டுவது முழுக்க முழுக்கக் கீழ்வரிசை முன்பல்.

டைட் வைத்த முதல் இரண்டு மூன்று நாளுக்கு எனக்கு மாங்கூழ்தான். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், கிளிமூக்கு என்று நாம் சொல்கிற பெங்களூரா ரகம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது, டப்பாவில் அடைத்து வெளிநாடு வரை போகிற சரக்கு அது. அதைத் தயிரில் கலந்து குளிர வைத்துச் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு வேலையும் இல்லை. சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். அதே கிளிமூக்கை மாங்காயாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ரவுண்டானா பக்கம் விற்கிறார்களே, அதைப் பார்த்தால் கம்பி போட்டவர்கள் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். விறைப்பான காய், முன்பல்லால் கடித்தே ஆக வேண்டிய வடிவம், புளிப்பு, காரம், நான்கும் ஒன்றாக. மனசு கேட்காவிட்டால் துருவித் தரச் சொல்லுங்கள், தட்டுவடை செட்டுக்காரர்களிடம் துருவி இருக்கும்.

நுங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சித்திரை, வைகாசியில் பைபாஸ் ஓரம் சீவித் தருகிறார்கள், மேல்தோலை மட்டும் விரலால் உரித்துவிட்டு அப்படியே விழுங்க வேண்டியதுதான். சில நிக்கல் டைட்டானியம் கம்பிகள் வாயின் சூட்டுக்கு இறுகி இழுக்கிற வகை, குளிர்ச்சி பட்டால் கொஞ்ச நேரம் தளர்ந்து கொடுக்கும். டைட் வைத்த அன்று மத்தியானம் குளிர்ந்த நுங்கு உள்ளே போனதும் வலி சட்டென்று இறங்குவது அதனால்தான் என்று என் டாக்டர் சொன்னார். சீத்தாப்பழத்தைப் பார்த்தாலும் நுங்குக்கு அண்ணன் மாதிரி மெத்தென்று தெரியும், ஏமாற வேண்டாம். ஆவணியில் மலைப்பக்கத்திலிருந்து கூடையில் கொண்டு வருகிற பழம் ருசியில் அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் ஒவ்வொரு சுளைக்கும் ஒரு வழுக்குகிற கறுப்பு விதை, கடைவாயில் அதன் மேல் ஒரு அழுத்து விழுந்தால் பிராக்கெட் போச்சு. தோலை ஒட்டி இருக்கிற மணல் மணலான சதையும் கம்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பூனால் எடுத்து விதையை நீக்கிவிட்டு நிதானமாகத் தின்ன நேரம் இருந்தால் மட்டும்.

தட்டுவடை செட்டு சேலத்துச் சரக்கு. 1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தானே, அந்த ஒட்டு இன்னும் நாக்கில் விடவில்லை. நாலு ரோட்டைச் சுற்றி நிறைய வண்டிகள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட், பீட்ரூட் துருவல், சட்னி, அப்படியே எடுத்துக் கடிக்க வேண்டியது. கம்பியோடு கடிக்க முடியாது. ஆனால் 'நொறுக்கல்' கேளுங்கள், எல்லாவற்றையும் பொடித்துச் சட்னி ஊற்றித் தருவார்கள். வாங்கியதும் தின்னாமல் ஐந்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு யாருக்காவது போன் பேசுங்கள். சட்னியில் ஊறி மொறுமொறுப்பு போன பிறகு தின்றால் பிராக்கெட் பத்திரம். மொறுமொறுப்பு இல்லாத நொறுக்கல் ஒரு நொறுக்கலா என்று கூட வந்த தோழி கேட்டாள், அவளுக்கென்ன, வரிசைப் பல்.

நிப்பட்டு எந்த ரூபத்திலும் வேண்டாம். கன்னட எல்லை பக்கத்திலேயே என்பதால் கிருஷ்ணகிரிப் பக்கம் டீக்கடை பாட்டிலில் எல்லாம் அதுதான், கடலையும் பருப்பும் பதித்து நன்றாக இறுகச் சுட்டது, டீயில் நனைத்தாலும் மாவு கரையும், கடலை கரையாது. சீடைக்குக் கம்பி இல்லாதவர்களே பயப்பட வேண்டும். பண்டிகைக்குப் பண்டிகை பார்த்தால் விநாயகர் சதுர்த்திதான் நம் பக்கம், கொழுக்கட்டை ஆவியில் வெந்தது, இரண்டாகப் பிய்த்துப் போட்டுக்கொள்ளலாம். நவராத்திரிச் சுண்டலில் கடலைப்பருப்புச் சுண்டல் முதலிடம். ஆயுத பூஜைப் பொரியைத் தாராளமாகத் தின்னலாம், கூட இருக்கிற பொட்டுக்கடலையையும் தேங்காய்ச் சில்லையும் பொறுக்கி வைத்துவிட வேண்டும். கார்த்திகைப் பொரி உருண்டை வெல்லப்பாகு என்பதால் கிடையாது. உகாதிக்கு ஒப்புட்டு வரும், போளிதான் அது, பூரணம் மிருது, மேலே நெய், சூடாக இருக்கும்போது மடித்துத் தின்னுங்கள்.

என்னைக் கடுப்பேற்றியது ஒரு பெரிய கடை. ஊர் பேர் வேண்டாம். கண்ணாடி அலமாரி, ஏசி, சிறுதானிய லட்டு. கேழ்வரகு நம் மண்ணின் தானியம், 2023-லிருந்து தருமபுரி மாவட்டத்தில் ரேஷனிலேயே 2 கிலோ கொடுக்கிறார்கள், அதில் லட்டு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. கம்பியைக் காட்டியே கேட்டேன். "சாஃப்ட்தான் மேடம், குழந்தைங்களே சாப்பிடுறாங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். ஓரத்தில் கொஞ்சம் கிள்ளலாம் என்று பார்த்தால் நகம் இறங்கவில்லை, முற்றிய பாகு. திருப்பிக் கொடுத்தால் பில் போட்டதை எடுக்கமாட்டோம் என்றார்கள். வீட்டில் அப்பா அதை அம்மிக்குழவியால் உடைத்துத் தின்றார். ரேஷன் கேழ்வரகை வீட்டில் புட்டாக அவித்துத் தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டால் அந்த லட்டின் விலையில் குடும்பமே சாப்பிடலாம்.

தின்று முடித்ததும் கழுவுகிற விஷயத்தை விட்டால் மற்றதெல்லாம் வீண். பிராக்கெட்டைச் சுற்றி இனிப்பும் மாவும் தங்கினால் கம்பி கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டு மிச்சம் இருக்கும், அது லேசில் போகாது. கரும்பு ஜூஸ் குடித்தாலும் அப்படித்தான், கரும்பாகக் கடிக்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. பையில் ஒரு தண்ணீர் பாட்டில், கம்பி இடுக்கில் நுழைகிற அந்தச் சின்ன பிரஷ், இரண்டும் இருக்கட்டும். நம் வண்டி பக்கத்தில் குழாய் கிடையாது, கை கழுவக்கூட அக்கா ஒரு சொம்பில்தான் ஊற்றுகிறார்.

குழாய் இல்லாததற்கு அரை மார்க், பேப்பர் பொட்டலத்துக்கு அரை மார்க் கழித்தால் ஐந்துக்கு நான்கு. சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள், ஆறரைக்கு மேல் அண்டாவில் நன்றாக வெந்த காய் தீர்ந்து, கடைசியாகப் போட்டதுதான் இருக்கும். ஜிபே உண்டு, 20 ரூபாய்க்கும் ஸ்கேன் செய்யலாம். நல்ல மழை என்றால் வண்டி வராது. அன்றைக்கு எதிரில் இருக்கிற பஜ்ஜிக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொள்ளுங்கள், மிளகாய் பஜ்ஜி வேண்டாம், விதை கம்பிக்குள் போய்விட்டால் வீடு வரைக்கும் எரியும்.